ஞ பொறித்த கைத்துவக்கு

கொலோனில் ஒரு ஏல நிறுவனத்தின் களஞ்சிய அறையில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். ஏலத்துக்கு வரும் பொருட்களைத் துடைத்து, இலக்கம் கட்டி, படம் எடுத்து, அலமாரியில் வைப்பது என் வேலை. பீங்கான் கோப்பைகள், சுவர்க் கடிகாரங்கள், யாரோ ஒருவரின் கல்யாணக் கரண்டிகள் என்று எல்லாம் என் கைகளைத் தாண்டித்தான் போகும். துவக்குகள் மட்டும், அது வேட்டைத் துப்பாக்கியோ கைத்துப்பாக்கியோ, எனக்குப் பிடிப்பதில்லை. அவை வரும் நாட்களில் வேலையை முடித்துவிட்டு இரண்டு தரம் கை கழுவுவேன்.

சென்ற வசந்தத்தில், எண்பது வயதைத் தாண்டிய ஒரு ஜெர்மன் அம்மா தன் கணவரின் பழைய துவக்குச் சேகரிப்பை விற்கக் கொண்டுவந்தார். கணவர் ஒரு இரும்புத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து, ஓய்வு பெற்று, அதற்கு முந்தைய வருடம் இறந்திருந்தார். ஏழு துவக்குகள். ஆறும் சந்தைகளில் அடிக்கடி காணும் வகை. ஏழாவது, பச்சைக் கம்பளித்துணி விரித்த மரப்பெட்டிக்குள் இருந்த ஒரு கைத்துவக்கு. குழாயின் வாய்வழியாக மருந்து இடித்து, பின்பக்கமுள்ள சின்ன முளையில் கேப்பு என்ற செம்பு வெடிமூடியை மாட்டி, குதிரை எனப்படும் சுத்தியல் அதன்மேல் விழுந்தால் வெடிக்கும் பழைய காலத்து அமைப்பு. விசையைச் சுற்றியிருந்த வளையம் பித்தளை. பிடி ஏதோ கறுத்த மரம்.

எங்கள் ஆயுத நிபுணர் அதைத் தூக்கிப் பார்த்தார். அவர் பொதுவாகக் கொட்டாவி விட்டுக்கொண்டே வேலை செய்கிறவர். அன்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இது உங்கள் கணவருக்கு எப்படிக் கிடைத்தது?”

“தெரியாது. போர்க்காலத்தில் துவக்குச் செய்த ஒரு கொல்லனின் கைவேலை என்று மட்டும் சொல்வார். இதை விற்கக்கூடாது என்றும் சொல்வார். ஆனால் நான் முதியோர் இல்லத்துக்குப் போகிறேன். அங்கே இதை எங்கே வைப்பது?”

அந்த ‘போர்க்காலத்தில்’ என்ற ஒரு சொல் நிபுணருக்குப் போதுமாயிருந்தது. அமெரிக்காவின் உள்நாட்டுப் போரின்போது தெற்கில் இரும்புக்குத் தட்டுப்பாடு வந்ததாம். சின்னப் பட்டறைகளில் கிடைத்த பித்தளையையும் கிடைத்த குழாயையும் வைத்து இப்படித்தான் கரடுமுரடாகச் செய்தார்களாம். முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினார். ஏலப் பட்டியலின் அட்டைப்படத்துக்கு இதைத்தான் போடவேண்டும் என்றார்கள்.

படம் எடுப்பதற்காகப் பெட்டி என்னிடம் வந்தது. கழற்றக்கூடிய பாகங்களைக் கழற்றி உட்பக்கத்தையும் படம் எடுக்கச் சொல்லியிருந்தார் நிபுணர். பித்தளை வளையத்தைக் கழற்றித் திருப்பினேன். மரத்தோடு ஒட்டியிருந்த பக்கத்தில், அரிசியளவில் ஏதோ வெட்டியிருந்தது. நிபுணர் தன் குறிப்பில் அதை ‘சுருண்ட பாம்பு, செய்தவரின் அடையாளமாக இருக்கலாம்’ என்று எழுதியிருந்தார். நான் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அது பாம்பல்ல. ஞ.

மறுபடி மறுபடி பார்த்தேன். கீறல் தற்செயலாக அப்படி விழுந்திருக்கலாம் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். ஆனால் மேலே மூடிய வளைவும், உள்ளே இறங்கும் கொக்கியும், கடைசியில் வெளியே இழுத்துவிட்ட வாலும் அப்படியே இருந்தன. அதுவுமல்லாமல், அந்த ஞ-வை எனக்கு முன்பே தெரியும். இலங்கையில், எங்கள் ஊர் வீட்டு மண்வெட்டியின் கழுத்தில் அதே எழுத்து இருந்தது. எங்கள் பகுதியில் மண்வெட்டி, கத்தி, கோடரி எல்லாம் செய்தது ஒரே பட்டறை. தங்கள் சாமான் என்று தெரிவதற்காக அவர்கள் வெட்டிவிடும் எழுத்து அது.

அந்தப் பட்டறையை என்னால் மறக்க முடியாத காரணம் வேறு. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது என் அண்ணாவின் கையில் ஒரு கைத்துவக்கு வெடித்தது. சுட்டது அல்ல, துவக்கே வெடித்துச் சிதறியது. வலது கையில் மூன்று விரல்கள் போயின. ஒரு கண்ணில் பார்வை பாதியாகியது. அவர் அப்போது பதினேழு வயதுப் பள்ளி மாணவர். ஆயுதம் தூக்கிய இயக்கங்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம். எல்லாப் பொடியன்களின் வாயிலும் துவக்குப் பேச்சுத்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, அதைத் தந்தவர் அந்தப் பட்டறைக்காரரின் மகன்தான் என்று அண்ணா சொன்னார். அவர் துவக்குத் திருத்துபவர் என்பதும், இயக்கம் ஒன்றுக்குச் செய்து கொடுக்கிறார் என்பதும் ஊரில் ஏற்கெனவே அடிபட்ட கதை. கொஞ்ச நாளில் அவர் ஊரைவிட்டுப் போய்விட்டார். எங்கள் வீட்டில் அவருடைய பெயரை யாரும் சாபம் சேர்க்காமல் சொன்னதில்லை.

அந்த மனிதனின் கைவேலை எப்படிக் கொலோனில் என் மேசைக்கு வந்தது?

வேலையிடத்தில் வாய் திறக்கவில்லை. திறந்தால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். இலங்கையிலிருந்து அகதியாக வந்த ஒருவன், ஒரு துவக்கைப் பார்த்த உடனே செய்தவரின் பட்டறையைச் சொல்கிறான் என்றால், அவன் யார்? இந்த நாட்டில் ஒரு பிழையும் செய்யாமல் இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் இருந்தாலும், சில கேள்விகளுக்குப் பதில் சொல்லுமுன் இரண்டு தரம் யோசிக்கவேண்டியிருக்கிறது. படங்களை எடுத்தேன். எழுத்து இருந்த இடத்தையும் மறைக்காமல் எடுத்தேன். அலமாரியைப் பூட்டினேன்.

அடுத்த கிழமை அந்த ஜெர்மன் அம்மா கையெழுத்துப் போட வந்தார். பட்டியலில் சேர்ப்பதற்குக் கணவரின் படம் ஏதாவது வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அவர் கொண்டுவந்தது கணவரின் ஓய்வு விருந்தில் எடுத்த படம். பத்துப் பன்னிரண்டு ஜெர்மன்காரர் வரிசையாக நிற்க, கணவரின் தோளோடு தோள் உரசிக்கொண்டு ஒரு கறுத்த மனிதர்.

“இவரும் தொழிற்சாலையிலா?” என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

“ஆமாம், உங்கள் நாட்டுக்காரர்தான். என் கணவருக்கு அவரைப்போல ஒரு கூட்டாளி கிடையாது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உறைப்பாகப் பொரித்த ரோல்ஸ் கொண்டுவருவார்.”

அந்த மனிதரை எனக்குத் தெரியும். எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு வரும் எல்லோருக்கும் தெரியும். கூட்டம் முடிந்ததும் யாரிடமும் பேசாமல் நாற்காலிகளை, எங்கள் பேச்சில் கதிரைகளை, அடுக்குகிறவர். கதிரை அண்ணை என்றுதான் சொல்வோம். ஒருமுறை ஊர் எது என்று கேட்டதற்கு, பருத்தித்துறைப் பக்கம் என்றார். எங்கள் ஊர் அங்கிருந்து வெகு தூரம். ஆனால் கைத்துவக்கை வைத்திருந்தவரின் நெருங்கிய கூட்டாளி இவர்தான் என்றால், அந்த ஞ-வை வெட்டியது வேறு யார்?

பிறகு வந்த சனிக்கிழமைகளில் நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கு விட்டுவிட்டு மண்டபத்தின் ஓரத்தில் நிற்பேன். பழையவை எல்லாம் இப்போது வேறுமாதிரித் தெரிந்தன. நான் தேநீர் வாங்க வரிசைக்குப் போனால் அவர் வரிசையிலிருந்து விலகுவார். நான் ஒரு மேசைக்கு வந்தால் எழுந்து போவார். இத்தனை வருடங்களும் கூச்ச சுபாவம் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான் தெரிந்தது. இந்த ஆளுக்கு நான் யாரென்று தெரியும். என் அண்ணாவின் விரல்களைத் தின்றது தன் துவக்குத்தான் என்றும் தெரியும்.

மனைவி சொன்னாள், “உங்களுக்குச் சந்தேகமெண்டால் நேரை போய்க் கேளுங்கோ. இப்பிடி உளவு பாத்துக்கொண்டு திரியாதேங்கோ.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவருடைய வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடி. அவருடைய மனைவி கோயிலுக்குப் போயிருந்தார். கதவைத் திறந்தவர் என்னைக் கண்டதும் கைப்பிடியை விடாமல் அப்படியே நின்றார்.

“என்ன தம்பி?”

“ஒரு விசயம் கதைக்க வேணும் அண்ணை.”

“போனிலை கதைக்கலாமே.”

“போனிலை ஏலாது.”

உள்ளே விட்டார். இருக்கச் சொல்லவில்லை. நான் கைபேசியைத் திறந்து படத்தை நீட்டினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

“எனக்கு உதைப்பற்றி ஒண்டும் தெரியாது.”

“அதிலை ஞ இருக்கு அண்ணை.”

“இருக்கட்டும். தமிழ் படிச்ச எவனும் ஞ எழுதுவான்.” கைபேசியைத் திருப்பித் தந்துவிட்டு யன்னல் வழியாகக் கீழே தெருவைப் பார்த்தார். “ஆர் உம்மை அனுப்பினது?”

“ஒருத்தரும் அனுப்பேல்லை.”

“பொலிஸோ? எம்பசியோ? நாப்பது வருசத்துக்குப் பிறகு ஏன் இப்ப வந்து கேக்கிறீர்? கீழை ஆரும் நிக்கினமோ?”

அவர் என்னைச் சந்தேகிப்பார் என்று நான் நினைத்தே பார்த்திருக்கவில்லை. சந்தேகிக்கும் உரிமை எனக்கு மட்டுமே உண்டு என்று நினைத்துக்கொண்டுதான் படி ஏறியிருந்தேன். கோபம் வந்தது. அண்ணாவின் கையைப்பற்றிச் சொன்னேன். ஆஸ்பத்திரியைப்பற்றிச் சொன்னேன். இந்த மனிதர் தன் மனைவி பிள்ளைகளோடு இங்கே ஓய்வூதியம் எடுத்துக்கொண்டிருக்க, அண்ணா டொரொண்டோவில் இரண்டு விரல்களால் சட்டை பொத்தான் போடுகிறார் என்றும் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “இரும்” என்றார். தானும் எதிரில் உட்கார்ந்தார்.

“உம்மைச் சங்கத்திலை முதல் நாள் கண்டவுடனையே எனக்குத் தெரியும். உமக்கு அப்பிடியே கொப்பற்றை முகம். கொண்ணன் என்னட்டை வந்தவன்தான். ஒரு தரமில்லை, மூண்டு தரம். ஒண்டு செய்து தாங்கோ அண்ணை எண்டு கெஞ்சினவன். பள்ளிக்கூடப் பொடியனுக்கு நான் குடுக்கிறேல்லை எண்டு கலைச்சுப்போட்டன். அவ்வளவுதான் எனக்கும் அவனுக்கும்.”

“அப்ப அவருக்கு ஆர் குடுத்தது?”

“அவனைக் கேளும்.”

“நீங்கள் துவக்கே செய்யேல்லையோ?”

“செய்தனான். இல்லையெண்டு ஆர் சொன்னது? முதல் வேட்டைத் துவக்குத் திருத்தினன். பிறகு இயக்கப் பொடியள் வந்து கேட்டவை, செய்து குடுத்தன். ஒரு வருசம். அதிலை ஒண்டாலை ஆர் செத்தது எண்டும் எனக்குத் தெரியும். அதை உமக்குச் சொல்ல மாட்டன்.” சற்று நேரம் தன் கைகளைப் பார்த்தார். “கொண்ணற்றை கை போன அடுத்த நாள் கொப்பரும் உங்கடை மாமன்மாரும் பட்டறைக்கு வந்தவை. துருத்தியைக் கிழிச்சினம். பட்டடைக்கல்லைக் கிணத்துக்கை போட்டினம். நான் செய்யேல்லை எண்டு சொன்னதை ஒருத்தரும் கேக்கேல்லை. என்ரை ஐயாவை நெஞ்சிலை பிடிச்சுத் தள்ளினவை. அந்தக் கிழமையே நான் வெளிக்கிட்டிட்டன். ஐயாவின்ரை செத்த வீட்டுக்கும் போகேல்லை.”

இது எனக்குப் புதிது. அப்பா பட்டறைக்குப் போனார் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஆனாலும் நான் உடனே நம்பவில்லை. குற்றம் செய்தவர் இப்படித்தானே சொல்வார் என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது.

“இந்தக் கைத்துவக்கு?” என்று கேட்டேன்.

மேற்பார்வையாளரின் கதையை அப்போதுதான் சொன்னார். தொழிற்சாலையில் சேர்ந்த புதிதில், இதற்கு முன் என்ன வேலை செய்தாய் என்று அந்த ஜெர்மன்காரர் கேட்டிருக்கிறார். ஏனோ அவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறார். அவர் பொலிசுக்குப் போகவில்லை. வேறு யாருக்கும் சொல்லவுமில்லை. உன் கைவேலையை நான் பார்க்கவேண்டும், ஒன்று செய்து காட்டு என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

“சுடுற சாமான் இனிச் செய்ய மாட்டன் எண்டு சொன்னன். சுடத் தேவையில்லை, பாத்தாப் போதும் எண்டார். ஒரு மாரிகாலம் முழுக்க இடைவேளைகளிலை செய்தது. கேப்பு மாட்டுற முளை இருக்கெல்லே, அதிலை துளை இல்லை. நெருப்பு உள்ளுக்குப் போகாது. ஊசி ஒண்டை விட்டுப் பாரும்.” எழுந்து கதவைத் திறந்தார். “பாத்திட்டு, உம்மடை கொண்ணனிட்டையும் கேளும்.”

வீட்டுக்குப் போகும்வரைகூட எனக்குப் பொறுமை இல்லை. டிராம் தரிப்பிடத்தில் நின்றபடியே டொரொண்டோவுக்கு எடுத்தேன். அங்கே காலை நேரம். அண்ணா தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா, அந்தப் பட்டறைக்காரர் இஞ்சை கொலோனிலை இருக்கிறார். அவரோடை கதைச்சிட்டு வாறன்.”

மறுமுனையில் கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“என்ன சொன்னவர்?” என்றார்.

“உங்களுக்குக் குடுக்கேல்லையாம்.”

அண்ணா மிக மெதுவாகச் சொன்னார். “அது நான் செய்ததடா.”

“என்னது?”

“நானே செய்தது. அவர் தரமாட்டன் எண்டிட்டார். நான் அவரின்ரை பட்டறையிலை பாத்ததை வைச்சு, கிணத்தடியிலை கிடந்த பழைய பைப்பிலை செய்தன். ஆசுப்பத்திரியிலை அப்பா வந்து நிண்டு, ஆர் தந்தது, ஆர் தந்தது எண்டு கத்தினார். பயத்திலை வாயிலை வந்த பேரைச் சொன்னன். அவையள் போய் உடைச்சது எனக்குப் பிறகுதான் தெரியும். அதுக்குப் பிறகு எப்பிடியடா மாத்திச் சொல்லுறது?”

“நாப்பது வருசமாச்சு அண்ணா.”

“தெரியும். ஒவ்வொரு வருசமும் இன்னும் கஷ்டமாப் போச்சு.”

டிராம் வந்து கதவைத் திறந்து மூடிக்கொண்டு போனது. நான் ஏறவில்லை. இத்தனை கிழமைகளாக நான் கண்காணித்துவந்த அந்த ஆள், எங்கள் வீட்டார் கெடுத்த ஆள். கையில் மூன்று விரல் இல்லாத என் அண்ணாமீது அன்றைக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மறுநாள் வேலைக்குப் போனதும் முதலாளியிடம் போய், அட்டைப்படத்தை நிறுத்தச் சொன்னேன். நிபுணரையும் கூப்பிட்டார்கள். ஊசி விட்டுப் பாருங்கள் என்றேன். அந்த முளையில் பழைய அழுக்கு அடைத்திருக்கிறது என்று நிபுணர் சிரித்தார். சுத்தம் செய்து, மெல்லிய கம்பி ஒன்றை விட்டார். நான்கு தரம் விட்டார். துளை இல்லை. அவருடைய கழுத்து சிவந்தது.

“இது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார்.

“அடையாளம் பாம்பல்ல. அது என் தாய்மொழி எழுத்து. அதனால்தான் சந்தேகம் வந்தது.”

“துளை இல்லை என்பது எழுத்தில் தெரியாதே. யார் செய்தது இதை?”

“தெரியாது” என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்த பார்வையில் அவர்கள் நம்பவில்லை என்பது தெரிந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் என்மேல் விழுந்த சந்தேகம் குறைந்திருக்கும். ஆனால் அனுமதி இல்லாமல் ஒரு துவக்கைச் செய்தவர் என்று அந்த மனிதரை இன்னொரு தரம் ஒரு கூட்டத்தின் முன் நிறுத்த என்னால் முடியாது. எங்கள் குடும்பம் அவருக்குச் செய்தது போதும். கைத்துவக்கை ஏலத்திலிருந்து எடுத்தார்கள். ஆயுத அலமாரியின் சாவி அன்றிலிருந்து நிபுணரின் சட்டைப்பைக்குப் போனது. இன்றுவரை என்னிடம் திரும்பி வரவில்லை.

பெட்டியைத் திருப்பி எடுத்துப்போக வந்த அந்த அம்மாவை வாசல்வரை கொண்டுபோய்விட்டேன். அவர் மெதுவாகக் கேட்டார், “அப்படியானால் என் கணவர் பொய்யா சொன்னார்?”

“இல்லை. போர்க்காலத்துக் கொல்லன் செய்ததுதான். எந்தப் போர் என்று நாங்கள்தான் கேட்கவில்லை.”

அவர், படத்தில் இருந்த அந்த ரோல்ஸ்காரர் இன்னும் அதே விலாசத்திலா என்று கேட்டார். ஆம் என்றேன். டாக்ஸிக்காரரிடம் அவர் கொடுத்த முகவரி முதியோர் இல்லத்துடையதல்ல.

அண்ணா அம்மாவிடம் உண்மையைச் சொல்ல இன்னும் மூன்று கிழமைகள் எடுத்தார். அப்பா இறந்த பிறகு அம்மா அவரோடுதான் இருக்கிறார். கேட்டதிலிருந்து இரண்டு நாட்கள் அம்மா அண்ணாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் என்னை அழைத்து, அந்த ஆளோடு தான் கதைக்கவேண்டும் என்றார். சனிக்கிழமை சங்க மண்டபத்தில் தேநீர் போடும் குசினிக்குள் கதிரை அண்ணையைக் கூட்டிக்கொண்டுபோய் விசயத்தைச் சொன்னேன்.

“வேண்டாம் தம்பி. இப்ப என்னத்தைக் கதைக்கிறது?”

“அவ லைனிலை நிக்கிறா அண்ணை.”

கைபேசியை வாங்கிக் காதில் வைத்தார். அம்மாவுக்குக் காது சற்று மந்தம், கத்தித்தான் பேசுவார். அதனால் எனக்கும் கேட்டது.

“தம்பி, நான் உம்மைப் பேசின பேச்செல்லாம் பிழையாப் போச்சு. உம்மடை ஐயாவையும் பேசினனான். அந்த மனுசன் இப்ப இல்லை, ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?”

“சரியக்கா.”

“என்ன சரி? சரியில்லை.”

“ஓமக்கா. சரியில்லைத்தான்.”

அதற்குப் பிறகு அம்மா அவருடைய மனைவி எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், முட்டி வருத்தம் இருக்கிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் அவர் ஒவ்வொரு சொல்லில் பதில் சொன்னார். கைபேசியை என்னிடம் தந்துவிட்டு, தொட்டியில் கிடந்த தேநீர்க் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினார். அண்ணாவோடு பேசுகிறீர்களா என்று கேட்டேன். தலையை ஆட்டி மறுத்தார்.

இப்போது அவர் என்னைக் கண்டால் விலகிப்போவதில்லை. மழையைப்பற்றி, டிராம் வேலைநிறுத்தத்தைப்பற்றி நாலு வார்த்தை பேசுவார். மகளின் தொழிற்பயிற்சி முடிந்ததற்கு வீட்டில் ஒரு சின்ன விருந்து வைத்தோம். நேரில் போய்ச் சொன்னேன். “பாப்பம்” என்றார். வரவில்லை. அவருடைய மனைவி மட்டும் வந்து, கதவுப் பக்கமாக இருந்து சாப்பிட்டு, மகளின் தலையைத் தடவிவிட்டு, என் மனைவியிடம் சொல்லிக்கொண்டு போனார்.